பார்த்தேன் என்று சொன்னேன்

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பரீட்சையில் ஃபெயில் ஆனேன். வயது நாற்பத்தைந்து.

இந்த வயதில் என்ன பரீட்சை என்கிறீர்களா? விமானம் ஓட்டும் பரீட்சை. சமவெளியில் இருக்கும் ஒரு ஃப்ளையிங் கிளப்பில், பக்கத்து சீட்டில் இன்ஸ்ட்ரக்டரை உட்கார வைத்துக்கொண்டு மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, ஒழுங்காகக் கீழே இறக்கிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஏறினேன். சுற்றினேன். இறக்கும்போதுதான்...

ரன்வே இன்னும் ஓர் ஆள் உயரம் கீழே இருக்கிறது. தரை வந்துவிட்டது என்று நினைத்து மூக்கைத் தூக்கிவிட்டேன். விமானம் வேகம் இழந்து தொப்பென்று விழுந்தது. விழுந்தது எழும்பியது. எழும்பியது மறுபடி விழுந்தது. மூன்றாவது துள்ளலில் என் இன்ஸ்ட்ரக்டரான கேப்டன், "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்றார். அம்மா தாயே, கையை எடு, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கேப்டனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். நான் லைசென்ஸ் வாங்கிய வருடம் அவர் மூன்றாம் கிளாஸ் படித்துக்கொண்டிருந்திருப்பார். ஆனால் மரியாதையான மனிதர். இறங்கி நின்ற பிறகு, "மேடம், என்கூட ஒரு எட்டுப் பத்து தடவை பறங்க. அடுத்த மாசம் திரும்ப டெஸ்ட் வெச்சுக்கலாம்" என்றார்.

"அடுத்த மாசமா? எனக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்கு லைசென்ஸ் வேணுமே."

"வெள்ளிக்கிழமை என்ன மேடம்?"

"ஒரு கல்யாணம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்க மாட்டாரா? கல்யாணத்துக்குப் போக ஒரு நல்ல புடவை வேண்டும், பஸ்ஸில் ஒரு ஸீட் வேண்டும். விமான லைசென்ஸ் எதற்கு?

சொல்கிறேன். வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் எத்தனையோ பேருடைய வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியிருக்கிறேன். இந்த வாரம் என்னுடையது.

ஏற்காட்டில், மஞ்சக்குட்டைப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பி எஸ்டேட் இருப்பது உங்களுக்குத் தெரியும். நான் பைலட் என்பதும் தெரியும். எத்தனை முறை இங்கே எழுதியிருக்கிறேன்! "நான் பறக்கும்போது மேட்டூர் அணை ஒரு வெள்ளித்தட்டாகத் தெரியும்" என்று எழுதினேன். "நான் பறக்கும்போது மனசு லேசாகிவிடும்" என்று எழுதினேன். கல்லூரிப் பெண்கள் கடிதம் போட்டார்கள். ஒரு பெண் தன் தங்கையின் குழந்தைக்கு என் பெயரை வைத்திருப்பதாக எழுதினாள்.

"பறக்கும்போது" என்பது பொய். "பறந்தபோது" என்று எழுதியிருக்க வேண்டும். என் லைசென்ஸ் காலாவதியாகிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

இரண்டு மூன்று எழுத்து வித்தியாசம்தானே? அப்படித்தான் நானும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லைசென்ஸ் வாங்கியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பாவின் துணிச்சல் அது. எங்கள் மலையில் ஒரு பெண்பிள்ளை ஜீப் ஓட்டினாலே நின்று பார்ப்பார்கள். விமானம் என்றால்? ஏற்காடு ஏரிக்கரையிலிருந்து அடிவாரம் டீக்கடை வரைக்கும் எனக்கு ஒரே பெயர்தான் - பைலட்டம்மா. பஸ் டிரைவர்கள் முன் ஸீட் கொடுப்பார்கள். "உங்களுக்கென்னங்க, மேல கொண்டை ஊசி வளைவே இல்ல. நேரா வுட்டுட்டுப் போயிருவீங்க" என்று ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே கேலி செய்வார்கள். வளைவுக்கு வளைவு எனக்குத் தலைக்கனம் ஏறும்.

அந்த நாளில் ஒருமுறை கிளப்பிலிருந்து எங்கள் மலைக்கே பறந்து வந்தேன். செம்மநத்தம் காடுகளுக்கு மேல் சற்றுத் தாழ்ந்து வந்தபோது கீழே சாமைக்காட்டில் ஒரு பெண் நிமிர்ந்து கை காட்டினாள். நான் றெக்கையை இந்தப் பக்கம் ஒரு சாய், அந்தப் பக்கம் ஒரு சாய் சாய்த்தேன். விமானக்காரர்கள் கீழே இருப்பவர்களுக்குப் பதில் வணக்கம் சொல்லும் முறை அது.

கை காட்டியவள் பொன்னி. களை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு. அவளும் அவள் புருஷன் சடையனும் சொந்தக் காட்டில் பாடுபடுகிறவர்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் மட்டும் பொன்னி எங்கள் எஸ்டேட்டுக்கு வருவாள். மற்ற நாளில் கொய்யா, ஆரஞ்சு என்று கூடையோடு வருவாள். அடுத்த தடவை வந்தபோது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏனுங்க பைலட்டம்மா, நான் கை காட்டுனது தெரிஞ்சுதுங்களா? நீங்க றெக்கைய ஆட்டுனீங்கல்ல! எங்கூட்டுக்காரரு நம்பவே மாட்டேங்கறாருங்க."

"பார்த்தேன் பொன்னி. நீன்னு தெரிஞ்சுதான் ஆட்டினேன்."

முதல் பாதி நிஜம். இரண்டாவது பாதி... அவ்வளவு உயரத்திலிருந்து பொன்னியா பூவாத்தாளா என்று எப்படித் தெரியும்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி இல்லை என்பது? போகட்டும், அது சின்னப் பொய். பெரியது பிறகு வருகிறது.

அன்றிலிருந்து செம்மநத்தத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தலைக்கு மேல் எந்தச் சின்ன விமானம் போனாலும் அது பைலட்டம்மா! பொன்னி மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கை காட்டுவாள். பக்கத்துக் காட்டுக்காரர்களும் காட்டுவார்கள். காற்றில் விமானம் லேசாக ஆடினாலும் போதும், பதில் வந்தாகிவிட்டது.

பிறகு நான் பறப்பதை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன்?

கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில், "எங்கே நேரம்? குடும்பம், குழந்தைகள், எஸ்டேட்..." கேட்டவர்கள் அதை அவரவர் வசதிக்குத் திருத்திக்கொண்டார்கள். "புருஷன் விடமாட்டேங்கிறார் போலிருக்கு" என்று என் சித்தி ஊர் முழுக்கச் சொன்னாள். என் கணவரோ, விடியற்காலையில் எழுந்து என்னை ஜீப்பில் அடிவாரம் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்ட மனிதர். "இந்த வாரம் போகலையா? அடுத்த வாரமாவது போயேன்" என்று ஒரு வருடம் முழுக்கக் கேட்டுப் பார்த்தார். சித்தி பேசியது அவர் காதுக்கும் வந்தது. நான் மறுக்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

உண்மையான காரணம் பயம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், தனியாகப் பறந்து வந்த ஒரு நாள், சேர்வராயன் மலை உச்சியில் மேகம் மூடிக்கொண்டது. இதோ தாண்டிவிடலாம் என்று உள்ளே நுழைந்துவிட்டேன். நுழையக் கூடாது என்பதுதான் முதல் பாடம். நுழைந்தேன். முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை, மேலும் கீழும் வெள்ளை. எந்தப் பக்கம் மலை என்று தெரியவில்லை. நான் பிறந்து வளர்ந்த மலை! நாலைந்து நிமிடம் இருக்கும். வாய்விட்டு அழுதேன். மேகம் விலகியபோது சேலம் பக்கம் வெளியே வந்திருந்தேன். கீழே ரயில் தண்டவாளம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே கிளப் போய்ச் சேர்ந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய தேதி வந்தது, போனது.

பயந்துவிட்டேன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஒன்றுமில்லை. பைலட்டம்மா குறைந்துவிடும், அவ்வளவுதான்.

நான் நிறுத்தினால் விமானங்கள் நின்றுவிடுமா? யார் யாரோ எங்கிருந்தோ எங்கேயோ போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பொன்னி கொய்யாக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள், "நேத்து மத்தியானம் போனீங்களே, நாங்க கை காட்டுனமே, பார்த்தீங்களா?"

முதல் தடவை, விளக்கிச் சொல்லச் சோம்பல்பட்டு, "பார்த்தேன் பொன்னி" என்றேன். இரண்டாவது தடவை, முதல் தடவை சொன்னதற்காகச் சொன்னேன். அதன் பிறகு எனக்கே பிடித்துப்போய்விட்டது. நான் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் நான் வானத்தில் இருப்பதாக நாலு மைல் தள்ளி ஒரு குடும்பமே நம்பிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா? பதினோரு வருடம், எத்தனை கூடைக் கொய்யா, அத்தனை "பார்த்தேன்".

இந்த வருடம் பொங்கல் கழிந்து பொன்னி வந்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அன்று வயிற்றில் இருந்த அதே பிள்ளை.

"இவ வவுத்துல இருக்கறப்ப நீங்க றெக்கைய ஆட்டுனீங்க. இவ கல்யாணத்தன்னிக்கும் நீங்க வந்து ஆட்டோணுமுங்க. எங்க களத்துல செவப்புச் சீலை விரிச்சு வெக்கறேன். மேல இருந்து அடையாளம் தெரியுமில்லீங்க?"

"தெரியும். ஆனா பொன்னி..."

"எங்க நாத்தனாரு இருக்காங்களே, காளியம்மா, அவங்க சொல்றாங்க - போறது வர்றதெல்லாம் உங்க பைலட்டம்மாவா? அந்தம்மாவுக்கு வேற சோலி இல்லியா, நீ ஒரு வெவரங்கெட்டவன்னு. நாலு பேரு முன்னால சிரிக்கறாங்க. எனக்கு நொம்ப வெசனமாப் போச்சுங்க. கல்யாணத்துல எல்லாரும் இருப்பாங்க. நீங்க ஒரு தடவ வந்துட்டுப் போயிட்டீங்கன்னா..."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளும் நானும் மட்டும் இருந்த இடத்தில் முடிந்திருக்கும். "வர்றேன் பொன்னி" என்றேன்.

அன்றைக்கே கிளப்புக்குக் கடிதம் எழுதினேன். பயம் போய்விட்டதா? இல்லை. பொன்னியின் நாத்தனார் மீதிருந்த பயம் மேகத்தின் மீதிருந்த பயத்தை ஜெயித்துவிட்டது. டாக்டர் பரிசோதனை முடித்தேன். சட்டதிட்டங்களை மறுபடி உருப்போட்டு எழுதிப் பாஸ் செய்தேன். புதுப்பிக்கும் ஃபாரத்தில் ஒரு கேள்வி இருந்தது - உரிய காலத்தில் ஏன் புதுப்பிக்கவில்லை? "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதினேன். அந்தக் கவரைத் தபாலில் சேர்த்தவர் என் கணவர்.

அப்புறம்தான் அந்த மூன்று துள்ளல்.

கேப்டனிடம் கல்யாணக் கதையைச் சொன்னேன், எனக்கு வேண்டிய அளவுக்கு வெட்டி. அவர் சிரித்துவிட்டு, "இவ்வளவுதானே மேடம்? வெள்ளிக்கிழமை மெஷின் சும்மாதான் நிக்குது. நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உட்காருங்க. உங்க மலை மேல ஒரு ரவுண்டு போய் றெக்கையை ஆட்டிட்டு வந்துடலாம். கீழ இருக்கறவங்களுக்கு என்ன தெரியப் போகுது?" என்றார்.

"வேண்டாம் கேப்டன். அது ஏமாத்து வேலை" என்றேன்.

கேட்டீர்களா? பதினோரு வருடம் புளுகியவளுக்கு அன்று பார்த்து சத்தியம் வந்துவிட்டது. சத்தியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முப்பது வயதுப் பிள்ளை ஓட்ட, நான் மூட்டை மாதிரி பக்கத்தில் உட்காருவதா என்ற கௌரவம். பொன்னிக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு ரவுண்டை என் கௌரவத்துக்காக அன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. உடனே செம்மநத்தம் போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். நாளைக்கும் அப்படியே.

செவ்வாய்க்கிழமை காலையில் சடையனே எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு ஃபாரத்தோடு. காட்டுப்பன்றி விரட்ட அவரிடம் ஒரு பழைய ஒற்றைக் குழல் துப்பாக்கி உண்டு. அதன் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும்.

"நீங்கதான் எழுதித் தரோணுமுங்க. லைசென்ஸ் வெவகாரமெல்லாம் உங்களுக்குத்தான் பழக்கம்."

தேதியைப் பார்த்தேன். காலாவதியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. "இத்தனை நாள் துப்பாக்கி எங்கே இருந்தது சடையன்?"

"டேசன்ல குடுத்துட்டனுங்க. தேதி முடிஞ்சது தெரிஞ்ச அன்னிக்கே கொண்டி ஒப்படைச்சுட்டேன்."

"அப்போ பன்றி?"

"மரவள்ளியப் பூராவும் தோண்டித் தின்னுபோட்டுதுங்க. என்ன பண்றது? லைசென்ஸ் இல்லாதப்ப அது என்ர துப்பாக்கி இல்லீங்களே."

அந்த ஃபாரத்திலும் அதே கேள்வி இருந்தது. உரிய காலத்தில் புதுப்பிக்காததற்குக் காரணம்? நான் பேனாவைத் திறந்துகொண்டு, "உடம்பு சரியில்லைன்னு போட்டுடலாமா?" என்றேன்.

"நல்லாத்தானுங்களே இருந்தேன்?" என்றார் சடையன், குழம்பிப்போய்.

"வேற என்ன போடறது?"

"மறந்துட்டேன்னு போடுங்க. மறந்துதானுங்க போச்சு."

மறந்துவிட்டேன் என்று எழுதினேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு நிஜமான வார்த்தை எழுத எவ்வளவு கொஞ்சம் இடம் போதுமாக இருக்கிறது! சடையன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமை பாக்கலாமுங்க. நாங்க அண்ணாந்து பாக்கறோம், நீங்க குனிஞ்சு பாருங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். எப்படித்தான் சிரித்தேனோ!

வெள்ளிக்கிழமை மழை வரும், மேகம் மூடும், அதைச் சாக்காகச் சொல்லலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது. விடிந்து பார்த்தால் வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அங்கே அவர்கள் காத்திருப்பார்கள். எத்தனை மணி வரைக்கும்? அது என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. புடவையைக் கட்டிக்கொண்டு ஏற்காடு வந்து ஷேர் ஜீப் பிடித்தேன்.

செம்மநத்தத்துக்குக் கடைசி மேடு ஏறும்போது அந்த ஜீப் போடும் சத்தம் இருக்கிறதே... மேட்டைத் தாண்டியதும் பொன்னி வீட்டுக் களம் தெரிந்தது. பந்தலுக்கு வெளியே ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள். கிழவர்கள், குழந்தைகள், மாப்பிள்ளை வீட்டார், மணவறையிலிருந்து எழுந்து வந்த பெண் உள்பட எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார்கள். சிலர் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஜீப்பின் சத்தத்தை விமானச் சத்தம் என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் கீழே, தரையில், ஜீப்பிலிருந்து இறங்கினேன்.

பொன்னிதான் முதலில் பார்த்தாள். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. என்னைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க... நீங்க இங்க வந்துட்டா, மேல யாருங்க ஓட்டறது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவளே எனக்காகக் காரணம் தேட ஆரம்பித்தாள். "பிளேனு ரிப்பேருங்களா?" என்றாள். தலையை ஆட்டியிருந்தால் போதும். "அங்க மழைங்களா? எண்ணெய் கெடைக்கலீங்களா?" பக்கத்தில் நாத்தனார் காளியம்மா நின்றாள். அவள் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே பொன்னி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், எதையாவது பிடித்துக்கொள் என்று.

"இல்ல பொன்னி. எனக்கு லைசென்ஸ் இல்ல" என்றேன்.

"இன்னிக்குங்களா?"

"பதினோரு வருசமா இல்ல. பயந்து விட்டுட்டேன். இப்ப வாங்கலாம்னு போனேன், ஃபெயில் பண்ணிட்டாங்க."

பொன்னி தூக்கிய கையைக் கீழே இறக்கினாள்.

"அப்ப நாங்க கை காட்டுனதெல்லாம்?"

"வேற யாரோ."

"நீங்க பார்த்தேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்" என்றேன்.

காளியம்மா வாயைத் திறப்பாள், நாலு பேர் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொன்னியின் தோளில் கை வைத்து, "வா கண்ணு, முகூர்த்தம் ஆவுது" என்றாள். எனக்குக் கிடைக்க வேண்டிய ஏச்சை அவள் அப்படி விழுங்கியது, ஏசியிருந்தால் வலித்திருப்பதைவிட அதிகம் வலித்தது.

சடையன்தான் என் பக்கத்தில் வந்து நின்றார். "லைசென்ஸ் இல்லாதப்ப நீங்க ஓட்டலீங்கல்ல?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்பறம் என்னுங்க. அது போதும்" என்றார்.

துப்பாக்கியை ஒப்படைத்தவருடைய நியாயம் அது. என்னை அவர் தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார். அந்த இடத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை? அவர் பன்றிக்குக் கொடுத்தது ஒரு காடு நிறைய மரவள்ளி. நான் என்னத்தைக் கொடுத்தேன்?

களத்தின் நடுவில் சிவப்புச் சேலை விரிந்து கிடந்தது, நாலு மூலையிலும் கல். கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது, அது பொன்னியின் கூரைச் சேலை. அவள் கல்யாணத்துக்குக் கட்டியது. அவள் வீட்டில் வேறு சிவப்பு இல்லை போலிருக்கிறது. குனிந்து கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். நானும் ஒரு முனையைப் பிடிக்கக் குனிந்தேன். "இருக்கட்டுமுங்க" என்று தானே தட்டி மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

போகும்போது சமையல் செய்கிற பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"எஸ்டேட்டம்மாவுக்கு ஒரு எலை போடுங்க."

உட்கார்ந்து சாப்பிட்டேன். எழுந்து போவது இன்னும் கேவலம். யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை, வடை கூட இரண்டாவது வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் மேகத்தைப் பற்றிச் சொன்னேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை. முழுவதும் கேட்டார். "அதுக்காகவா உங்க சித்திகிட்ட அத்தனை பேச்சு வாங்கினேன்?" என்றார். பிறகு, "பயமா இருக்குன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. கிளப்புக்கு வேறு ஒரு ஃபாரம் எழுதி அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் "பயம்" என்று எழுதினேன். கேப்டன் அதைப் படித்துவிட்டு, முதல் நாளே என்னை மேகம் இருக்கும் பக்கமாகக் கூட்டிப்போய், அதற்கு வெளியே எப்படி நிற்பது என்று மறுபடி அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.

பாஸ் செய்துவிட்டேன். லைசென்ஸ் வந்துவிட்டது. இனி இந்தப் பத்தியில் நான் "பறக்கும்போது" என்று எழுதினால் அது இலக்கணப்படியும் சரி, சட்டப்படியும் சரி. கல்லூரிப் பெண்களே, முன்னால் எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். அந்தக் குழந்தையின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பொன்னி வருவதை நிறுத்தவில்லை. முன்னைப்போலவே கூடையோடு வருகிறாள், முன்னைப்போலவே "ஏனுங்க" என்கிறாள். மகள் புருஷன் வீட்டில் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னாள். சடையனுக்குத் துப்பாக்கி திரும்பக் கிடைத்துவிட்டதாம்.

முந்தாநாள் அவள் எங்கள் வாசலில் கொய்யாவைக் கொட்டிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு சின்ன விமானம் போனது. நான் அண்ணாந்து பார்த்தேன். பொன்னி கூடையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாரோ போறாங்க" என்றாள்.